'ஊர்ல என்ன சொல்வாங்க?'... மகள் தன்பாலீர்ப்பாளர் எனத் தெரிந்தால்? கடல் கடந்த தமிழ்க் குடும்பங்களுக்கு சட்டம் சொல்வது என்ன? முழு விளக்கம்

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் எந்த நாள் காலையில் போய் நின்றாலும் வெளிநாட்டில் இருந்து வந்த தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பார்த்துவிடலாம். லண்டன், டொராண்டோ, துபாய், சிங்கப்பூர் என எங்கெங்கோ இருந்து வருகிறார்கள். கடலில் முழுக்கு, பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம், அதன் பிறகு பரிகார பூஜை. எதற்கு வந்தீங்க என்று கேட்டால் பாதிப் பேர் சொல்லும் பதில், "பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப் போயிட்டே இருக்கு".

அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகக் காரணம் தோஷமாக இல்லாமல், அவளுக்கு ஆண்கள் மேல் ஈர்ப்பே இல்லை என்பதாக இருந்தால்? அதை அவள் அம்மாவிடம் சொல்லியும் விட்டாள் என்றால்?

இது ஏதோ வெளிநாட்டுப் பிரச்னை என்று கடந்து போக முடியாது. ராமநாதபுரம் கடற்கரையே இடம்பெயர்தலின் கரைதான். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் எனப் பல ஊர்களில் வளைகுடா நாட்டுச் சம்பளம் இல்லாத தெருவைக் காண்பது கஷ்டம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து படகில் வந்தவர்கள் இறங்கியது தனுஷ்கோடியிலும் ராமேஸ்வரத்திலும். முதலில் தங்கியது மண்டபம் முகாமில். 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோதும் அரிச்சல்முனைக்குப் படகுகள் வந்தன. அந்தக் குடும்பங்களில் பிறந்த பெண் பிள்ளைகள் இன்று முகாமிலும் இருக்கிறார்கள், கனடாவிலும் இருக்கிறார்கள்.

மகள் தன்பாலீர்ப்பாளர், அதாவது லெஸ்பியன் என்று தெரிய வரும்போது இப்படிப்பட்ட குடும்பங்களில் என்ன நடக்கிறது, சட்டம் யார் பக்கம், பெற்றோரால் என்ன செய்ய முடியும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் வார்த்தை

'தன்பாலீர்ப்பு' என்பது வலைதளங்கள் உண்டாக்கிய சொல் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில், தமிழக அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்ட சொல் பட்டியலிலேயே இது இருக்கிறது. அதற்கு முன்பு தமிழில் இதற்கு இருந்த சொற்களில் பெரும்பாலானவை வசவுகள். அம்மாவிடம் உட்கார்ந்து பேச நினைக்கும் ஒரு பெண்ணுக்கு, தன்னைப் பற்றிச் சொல்ல அசிங்கமில்லாத ஒரு சொல்கூட இல்லாமல் இருந்தது. இது சின்ன விஷயம் இல்லை.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. அவளுக்கு இதைச் சொல்லத் தெரிந்த மொழி ஆங்கிலம். அம்மாவுக்கு மனசில் ஏறும் மொழி தமிழ்.

புலம்பெயர்ந்த வீட்டில் ஏன் இன்னும் கஷ்டம்?

'கனடா போயிட்டாங்க, லண்டன் போயிட்டாங்க, அங்கெல்லாம் இது சகஜம்தானே' என்று நினைப்போம். சட்டப்படி சகஜம்தான். கனடாவில் தன்பாலினத் திருமணம் 2005-ல் இருந்தே நாடு முழுக்கச் செல்லும். இங்கிலாந்தில் 2014-ல் இருந்து நடக்கிறது. ஆனால் வீட்டுக்குள் ஓடும் கடிகாரம் வேறு. குடும்பம் எந்த வருஷம் ஊரை விட்டுக் கிளம்பியதோ, அந்த வருஷத்து ஊர்தான் அந்த வீட்டுக்குள் இருக்கும். 1985-ல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவருக்கு யாழ்ப்பாணம் இன்றும் 1985 யாழ்ப்பாணம்தான். ஊரில் இருப்பவர்களாவது ஊர் மாறுவதைக் கண்ணால் பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்நிய ஊரில் சொந்தம் என்று இருப்பது பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள், ஒரு கோயில், ஒரு சங்கம், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி. அங்கே ஒரு பேச்சு கிளம்பினால் அது இரவே வாட்ஸ்அப்பில் ஊர் வந்து சேர்ந்துவிடும். இங்கே "நாலு பேரு என்ன பேசுவாங்க" என்பார்கள்; இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் "சனம் என்ன சொல்லும்" என்பார்கள். பயம் ஒன்றுதான். மகளை இழப்பதை விட, மகளுக்காக மற்ற எல்லோரையும் இழப்போமோ என்ற பயம்.

அமெரிக்காவில் வாழும் எழுத்தாளர் எஸ்.ஜே. சிந்து, இலங்கையில் பிறந்த தமிழர். 2017-ல் வெளிவந்த அவரது 'மேரேஜ் ஆஃப் எ தவுசண்ட் லைஸ்' நாவலின் நாயகி ஒரு லெஸ்பியன். கணவர் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண். பெற்றோருக்காக இருவரும் கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். கதைதான். ஆனால் 'ஒப்பந்தக் கல்யாணம்' என்ற பெயரில் இது நிஜத்திலும் நடக்கிறது என்பது இந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

வளைகுடாவில் வாழும் குடும்பங்களின் நிலை இன்னும் இறுக்கம். சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார் ஆகிய நாடுகளில் தன்பாலின உறவே குற்றம். விசா அப்பாவின் வேலையோடு கட்டுண்டது. எனவே அங்கே வளரும் பெண்ணின் ரகசியம் குடும்பத்துக்கு மானப் பிரச்னை மட்டும் இல்லை. பிழைப்புப் பிரச்னையாகவும் தெரிகிறது. கோபத்துக்குப் பின்னால் இந்தப் பயம் இருப்பதையும் பார்க்க வேண்டும். அடிக்கவோ பூட்டி வைக்கவோ அது காரணம் ஆகாது என்பது வேறு விஷயம்.

ஆறு வருஷம் காத்திருந்த கல்யாணம்

2022 ஆகஸ்ட் 31. சென்னையில் ஒரு பிராமண முறைக் கல்யாணம். மணப்பெண்கள் இருவர். ஒருவர் கனடாவின் கால்கரி நகரில் வாழும் தமிழ்ப் பெண். இன்னொருவர், வங்கதேசத்தில் பிறந்து பெற்றோருடன் கனடாவுக்குக் குடியேறியவர். படங்கள் வைரலானது பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

படங்களில் தெரியாதது அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள். தமிழ்ப் பெண் தன்னை இருபாலீர்ப்பாளர் என்று 19 வயதிலேயே சொன்னவர். வீட்டாரைச் சம்மதிக்க வைக்கத்தான் அத்தனை காலம் ஆனது என்று பின்னர் ஊடகங்களிடம் சொன்னார். அவரது அம்மாவுக்கு இருந்த பெரிய பயம், இந்தியாவில் இருக்கும் சொந்தங்கள் ஒதுக்கி விடுவார்களோ என்பதுதான். கனடாவில் என்ன சொல்வார்களோ என்பதல்ல. மேலே சொன்ன கடிகாரக் கணக்கு இதுதான்.

வங்கதேசப் பெண்ணின் கதை வேறு. மகளுக்கு இருப்பது ஒரு வியாதி, கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று அவரது பெற்றோர் நம்பினார்கள். 19 வயதில் ஓர் ஆணுக்குக் கட்டி வைத்தார்கள். நான்கு ஆண்டுகளில் அந்தக் கல்யாணம் முடிந்துபோனது. 'கால்கட்டு போட்டா சரியாயிடும்' என்ற நம்ம ஊர் வைத்தியம், எல்லை தாண்டியும் ஒரே மாதிரிதான் தோற்கிறது. அதில் சம்பந்தமே இல்லாத ஓர் ஆணின் வாழ்க்கையும் சேர்ந்து வீணாகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சென்னையில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு இந்தியாவில் சட்ட மதிப்பு கிடையாது. அது குடும்பத்துக்கான சடங்கு.

ஒரு நீதிபதி பாடம் கற்றுக்கொண்ட வழக்கு

தமிழ்நாட்டில் இந்த விஷயம் பேசும்போது எல்லோரும் வந்து நிற்கும் இடம், மதுரையில் இருந்து சென்னைக்கு ஓடி வந்த இரு பெண்களின் வழக்கு. இருவரின் பெற்றோரும் தனித்தனியே 'மகளைக் காணவில்லை' என்று புகார் கொடுக்க, போலீஸ் வழக்குப் பதிவு செய்து விசாரிக்கத் தொடங்கியது. பாதுகாப்பு கேட்டு இருவரும் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். விசாரித்தவர் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ்.

சாதாரணமாக இப்படி வழக்கில் வயதைப் பார்த்து, விருப்பத்தைக் கேட்டு, ஒரே நாளில் உத்தரவு போட்டு அனுப்பிவிடலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பெண்கள், பெற்றோர் இரு தரப்பையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று அந்த ஆலோசகர் கொடுத்த அறிக்கையில் ஒரு தகவல் இருந்தது. மகள் இன்னொரு பெண்ணோடு வாழ்வதை விட, காலம் முழுக்கத் துணையே இல்லாமல் இருந்துவிட்டால் அதுதான் கௌரவம் என்று அவர்கள் கருதினார்கள். எந்தப் பெற்றோரும் மகள் தனிமரமாக நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதில்லை. ஊர்ப் பயம் அதைக்கூட வேண்ட வைக்கிறது.

அதன் பிறகு நீதிபதி செய்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, அதே ஆலோசகரிடம் தானும் அமர்ந்து கற்றுக்கொண்டார். பால்புதுமையர் சமூகத்தைச் சேர்ந்தவர்களுடனும், மாற்றுப்பாலின மருத்துவர் ஒருவரின் அம்மாவுடனும் பேசினார். 2021 ஜூன் 7-ல் வந்த இடைக்கால உத்தரவு, அறியாமையைச் சாக்காகச் சொல்லி பாகுபாட்டை நியாயப்படுத்த முடியாது என்றது.

அந்த உத்தரவில் பெற்றோரும் போலீஸும் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. 'காணவில்லை' புகாரை விசாரிக்கையில், போனவர்கள் வயது வந்தவர்கள், சொந்த விருப்பத்தில் சேர்ந்து இருப்பவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். துன்புறுத்தக் கூடாது. இரண்டாவது, ஒருவரின் ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று மருத்துவம் செய்வதற்குத் தடை.

இதன் தொடர்ச்சியாக 2022-ல் தமிழகக் காவல் துறையின் நடத்தை விதிகளே திருத்தப்பட்டன. இந்தச் சமூகத்தினரையோ அவர்களுக்காக வேலை செய்பவர்களையோ போலீஸார் தொல்லை செய்யக் கூடாது என்று விதி சேர்ந்தது. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் மாற்று சிகிச்சையை 'தொழில் ஒழுங்கீனம்' என்று அறிவித்தது. 'குணப்படுத்தித் தர்றேன்' என்று எந்த டாக்டராவது சொன்னால், அவர் மேல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

"எல்லா அம்மாவும் லீலா சேத் ஆக முடியாதே"

2025 மே மாதம் வந்த இன்னொரு உத்தரவு, குடும்ப ஏற்பு பற்றி நேராகவே பேசியது. 25 வயதுப் பெண்ணை வீட்டார் கட்டாயப்படுத்தி அழைத்துப்போய் அடைத்து வைத்திருப்பதாக, அவருடைய துணைவி ஆட்கொணர்வு மனு போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அந்தப் பெண்ணை நேரில் அழைத்துப் பேசியது. தான் லெஸ்பியன் என்றும், மனு போட்டவர்தான் தன் துணை என்றும், தன்னை அடித்ததாகவும், 'சரி செய்ய' சில சடங்குகள் செய்ததாகவும் அவர் சொன்னார். முன்னதாக உதவி கேட்டபோது போலீஸாரே அவரைப் பெற்றோருடன் போகச் செய்ததையும் நீதிமன்றம் கண்டித்தது.

அம்மா, மனு போட்ட பெண்தான் மகளைக் கெடுத்துவிட்டாள் என்று வாதாடினார். நீதிபதிகள் எடுத்துச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. அந்த இடத்தில்தான் லீலா சேத் பெயர் வருகிறது. மாநில உயர் நீதிமன்றம் ஒன்றுக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண் அவர். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் அம்மா. மகனின் ஈர்ப்பை ஏற்றுக்கொண்டு அவருக்காகப் பொதுவெளியில் எழுதியவர். எல்லாப் பெற்றோரும் அவரைப் போல இருப்பதில்லை என்று குறிப்பிட்ட நீதிமன்றம், அம்மாவின் மனநிலை புரிகிறது, ஆனாலும் மகள் வயது வந்தவர், முடிவு அவருடையது என்று விடுவித்தது. திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை, 'தேர்ந்துகொண்ட குடும்பம்' என்பதும் சட்டத்துக்குத் தெரிந்ததுதான் என்றும் சொன்னது.

பள்ளியில் தொடங்கிய பழக்கம்

கேரளாவில் 2022-ல் நடந்த வழக்கு ராமநாதபுரம் மாவட்ட வளைகுடாக் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது. ஆதிலா நஸ்ரின், ஃபாத்திமா நூரா இருவரும் சவுதி அரேபியாவில் பள்ளியில் படிக்கும்போது பழகியவர்கள். இருவர் வீட்டிலும் தெரிந்ததும் பிரித்தார்கள். இருவரும் சேர்ந்து தங்கியிருந்தபோது ஃபாத்திமாவை அவரது வீட்டார் கட்டாயமாக அழைத்துச் சென்றனர். ஆதிலா உயர் நீதிமன்றம் போனார். 2022 மே 31 அன்று நீதிமன்றம் இருவரிடமும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்வி. யாரோடு வாழ விருப்பம்? பதில் கிடைத்ததும் சேர்ந்து வாழ அனுமதித்து வழக்கை முடித்தது. பின்னர் இருவரும் மலையாள பிக்பாஸ் வரை போனார்கள்.

ஆனால் கேரளாவில் எல்லா வழக்கும் இப்படி முடியவில்லை. இன்னொரு வழக்கில் அந்தப் பெண்ணை ஆலோசனைக்கு அனுப்பச் சொன்னது உயர் நீதிமன்றம். அது உச்ச நீதிமன்றம் போனது. 2024 மார்ச் 11-ல் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களுக்கும் வழிமுறை வகுத்தது. அடைத்து வைக்கப்பட்டவர் என்று சொல்லப்படும் நபரிடம் நீதிபதி தனியாகப் பேச வேண்டும். பெற்றோரின் அழுத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆலோசனை என்ற பெயரில் அவரது ஈர்ப்பை மாற்ற முயலக் கூடாது. பெற்றோர் வீடு என்பதாலேயே அது பாதுகாப்பான இடம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் இதன் சாரம்.

தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம்

தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அந்த 30 கிலோமீட்டரில் சட்டம் தலைகீழ். இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் ஆங்கிலேயர் காலத்தவை. 365ஏ முன்பு ஆண்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1995-ல் 'எந்த நபரும்' என்று திருத்தினார்கள். சமத்துவம் வந்ததோ என்று நினைக்க வேண்டாம். பெண்களும் குற்றவாளி ஆனார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தை எதிர்த்து இலங்கைச் செயற்பாட்டாளர் ரோசானா ஃபிளேமர்-கல்தேரா ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழுவுக்குப் போனார். பெண்களுக்கு இடையேயான உறவைக் குற்றமாக்குவது சர்வதேச உடன்படிக்கைக்கு எதிரானது என்று 2022-ல் அந்தக் குழு சொன்னது. 2023 மே மாதம் இலங்கை உச்ச நீதிமன்றமும், இந்தப் பிரிவுகளை மாற்றும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்றது. அந்த மசோதா சட்டமாக நிறைவேறவில்லை.

இதற்கிடையே 2022 ஜூன் மாதம், தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் தன் தோழியைத் தேடி இலங்கையின் அக்கரைப்பற்றுக்குப் போனார். தோழியின் அப்பா போலீஸில் புகார் கொடுக்க, அங்குள்ள நீதிமன்றம் இருவரையும் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பியது. இந்தியாவில் அதே ஆண்டில் மருத்துவர்களுக்கே 'மாற்றப் பார்க்காதே' என்று உத்தரவு போகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் 'இவர்களுக்கு மனசு சரியா என்று பார்' என்று உத்தரவு.

முகாமில் இருக்கும் பெண்ணுக்கு உரிமை உண்டா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் 100-க்கும் மேல் இருக்கின்றன. முகாமில் வாழ்க்கை முழுக்க 'குடும்பம்' என்ற பதிவை வைத்துத்தான் நகர்கிறது. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாய் என்று 2021-ல் உயர்த்தப்பட்டது. வீடு குடும்பத்துக்கு. ஆள் கணக்கெடுப்பும் குடும்பமாகத்தான். ஒரு பெண் வீட்டை விட்டு வெளியேறினால், அப்பா அம்மாவை மட்டும் இல்லை, தன் பதிவையும் உதவித்தொகையையும் சேர்த்தே விட்டுப் போகும் நிலை. வெளியே வீடு பிடிக்க, வேலை தேட அவளிடம் குடியுரிமை அட்டையும் இல்லை.

ஆனால் சட்டத்தில் அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது. அரசியலமைப்பின் 21-வது பிரிவு, உயிரும் சுதந்திரமும் பற்றிப் பேசும்போது 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'நபர்' என்றுதான் சொல்கிறது. சக்மா அகதிகள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. எனவே மண்டபம் முகாமில் இருக்கும் பெண்ணை அடைத்து வைத்தாலும், அவளுக்காக மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட முடியும்.

பேய் ஓட்டலாமா? வேண்டுதல் செய்யலாமா?

கோயிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ போய் மனசை இறக்கி வைப்பது அவரவர் நம்பிக்கை. அதைத் தடுக்க யாரும் இல்லை. மகளை இழுத்துப் போய் 'இறக்குவது' வேறு.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இதில் ஆறாத வடு ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டி வைத்திருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் மனநலப் பாதிப்பு உள்ளவர்கள்; தன்பாலீர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சம்பந்தம் வேறு இடத்தில் இருக்கிறது. அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் அன்புள்ள குடும்பத்தினர்தான். 'நல்லதுக்குத்தான்' என்று நம்பித்தான் விட்டார்கள்.

அந்த விபத்து கிளப்பிய கேள்விகளின் தொடர்ச்சியில் வந்த 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 3-வது பிரிவு இன்னும் ஒன்று சொல்கிறது. ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, கலாச்சார, மத நம்பிக்கைகளுக்கு ஒத்துப் போகவில்லை என்பதை வைத்து அவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது.

ஏற்காவிட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேட்லின் ரயன் என்பவர் நடத்திய ஆய்வு 2009-ல் வெளிவந்தது. குடும்பத்தால் கடுமையாக ஒதுக்கப்பட்ட இளைஞர்கள், ஒதுக்கப்படாதவர்களை விட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் கலிஃபோர்னியாவின் வெள்ளை மற்றும் லத்தீன் இளைஞர்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் இல்லை. ஆனால் லத்தீன் குடும்பங்களும் புலம்பெயர்ந்தவை, மதப்பற்று மிக்கவை, சொந்தபந்தம் பெரிதாகப் பார்ப்பவை என்பதால் இந்தக் கணக்கு நமக்கு ரொம்பத் தூரம் இல்லை.

அந்த ஆய்வுக் குழு கவனித்த இன்னொரு விஷயம், ஒதுக்கும் பெற்றோரில் பலர் வெறுப்பில் அதைச் செய்வதில்லை. பிள்ளை நல்லா இருக்கணும், உலகத்தோடு ஒட்டி வாழணும் என்றுதான் செய்கிறார்கள். பிள்ளையின் காதில் அது 'நீ வேண்டாம்' என்று கேட்கிறது.

பெற்றோர் உடனே என்ன செய்யலாம்? கொடி பிடிக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போடலாம். போனைப் பிடுங்காமல் இருக்கலாம். மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்தலாம். சித்தி, பெரியப்பா, மாமா என்று குடும்பத்துக்கே சொல்லிப் பஞ்சாயத்து கூட்டாமல் இருக்கலாம். யாரிடம் எப்போது சொல்வது என்பது மகள் எடுக்க வேண்டிய முடிவு. "எனக்குப் புரியல, கொஞ்சம் டைம் கொடும்மா" என்று சொல்வது பொய் இல்லை, தோல்வியும் இல்லை.

பேச ஆள் வேண்டும் என்றால், சென்னையில் 'ஓரினம்' அமைப்பு தமிழிலேயே தகவல்களும் குடும்பங்களுக்கான உதவியும் தருகிறது. 'ஸ்வீகார்' என்று பெற்றோர்களே நடத்தும் அமைப்பும் உண்டு. தன்பாலினத் திருமண வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, 2023 ஏப்ரலில் 400-க்கும் மேற்பட்ட பெற்றோர் சேர்ந்து தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்களே, அவர்கள்தான்.

சட்டம் கொடுப்பதும் கொடுக்காததும்

2018 செப்டம்பர் 6-ல் 377-வது பிரிவின் பிடியில் இருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. எனவே வயது வந்த இரு பெண்கள் சேர்ந்து வாழ்வது இந்தியாவில் குற்றம் இல்லை. ஆனால் 2023 அக்டோபர் 17 தீர்ப்பின்படி திருமண உரிமை இல்லை. வெளிநாட்டில் பதிவு செய்த தன்பாலினத் திருமணத்தையும் இங்கே கணவன் மனைவி உறவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஜாயின்ட் அக்கவுண்ட் தொடங்கலாம், நாமினியாகப் போடலாம் என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தெளிவுபடுத்தியது.

வீட்டில் அடி, பூட்டி வைத்தல், மிரட்டல் என்றால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 மகளுக்கும் பொருந்தும். அது மருமகள்களுக்கான சட்டம் மட்டும் என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள். ரத்த உறவும் அதில் அடங்கும். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது வெளிநாட்டுக் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது. பாஸ்போர்ட் அப்பாவுக்கும் சொந்தம் இல்லை, மகளுக்கும் சொந்தம் இல்லை. சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. 'லீவுக்கு ஊருக்குப் போறோம்' என்று கூட்டி வந்து கட்டாயக் கல்யாணம் செய்து வைப்பது, பிரிட்டன் குடியுரிமை உள்ள பெண் என்றால் அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். அங்கே இதற்கென்றே அரசின் தனிப் பிரிவு இயங்குகிறது. இந்தியாவில் இருந்தபடியே தூதரகம் மூலம் அதை அணுகலாம்.

'சொத்துல பங்கு கிடையாது' என்ற மிரட்டலும் வரும். அப்பா தானாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இந்துக் குடும்பத்தில் பூர்வீகச் சொத்து என்றால் மகளின் பங்கு பிறப்பாலேயே வருவது. அவள் யாரை விரும்புகிறாள் என்பதை வைத்து அதைப் பறிக்க முடியாது.

வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 எண்ணில் கூப்பிடலாம். பெண்கள் உதவிக்கு 181. மனசு தாங்க முடியாத நிலையில் இருக்கும் மகளோ, தூக்கம் இல்லாமல் தவிக்கும் அம்மாவோ, யாராக இருந்தாலும் 24 மணி நேரமும் தமிழில் பேச டெலிமானஸ் எண் 14416.